ஒரே சாணத்தை மூன்று முறை கணக்குப் போடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாமியார், இரண்டு பிள்ளைகள், 3 ஏக்கர் நஞ்சை, 5 கலப்பின மாடுகள் (3 கறவை, 2 கிடேரி), 8 ஆடுகள், கஜா புயலுக்குப் பிறகு கொல்லையில் வைத்த தென்னங்கன்றுகள், எல்லாவற்றையும் இவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். சம்பா முடிந்ததும் உளுந்து. வைக்கோல் பேலர்காரரிடம் (மிஷினில் வைக்கோலைக் கட்டாகக் கட்டி எடுத்துப்போகிறவர்) போய்விடுகிறது, மீதியைக் கொளுத்தினால் சாம்பலே உரம் என்று கொழுந்தனார் சொல்கிறார். சாணம் தெருவோரக் குப்பைமேட்டில் கிடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் தாங்கவில்லை என்று பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவில் ஒருவர் வந்து, 2 லட்சம் கட்டினால் மண்புழு உர யூனிட் போட்டுத் தருகிறேன், உரத்தை நானே கிலோ கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்கிறாராம். நகையை வைத்துப் பணம் புரட்டலாமா, சாண எரிவாயுக் கலன் கட்டலாமா, வைக்கோலில் யூரியா போட்டால் மாட்டுக்கு விஷமா, இவைதான் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டாவது பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கார்த்திகையில் ஒரு மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது (கரு கலைந்துவிட்டது), அதைக் குப்பைமேட்டில் போட்டு மூடிவிட்டோம் என்று. கால்நடை மருத்துவனாக என்னை நிறுத்தியது அந்த வரிதான். மாடு கன்று வீசப் பல காரணங்கள் உண்டு, அதனால் உடனே பயப்பட வேண்டாம். ஆனால் ஏழாம் எட்டாம் மாதத்தில் வீசினால் புரூசெல்லா என்கிற கிருமியைச் சந்தேகித்தே ஆகவேண்டும், அது மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, இடுப்புவலி என்று மாதக்கணக்கில் இழுத்துப்போகும். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும்தான் கிருமி மிக அதிகம். அந்தக் குப்பையை வெறுங்கையால் கிளறாதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், அந்தப் பகுதியை மட்டும் மண்ணும் சுண்ணாம்பும் போட்டு மூடி அப்படியே விட்டுவிடுங்கள். இந்த வாரமே உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் சொல்லி மாடுகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை பாலை நன்றாகக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது அப்படிக் காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் இந்த விவரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். இனி அப்படி நடந்தால் கையுறை போட்டு எடுத்து, ஆழமாகக் குழிவெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். 4 முதல் 8 மாத வயதுக்குள் கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு முறை போடும் தடுப்பூசி இருக்கிறது, 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசியோடு இதுவும் அடக்கம்.

சரி, இப்போது கழிவுக்கு வருவோம்.

உங்கள் கணக்கை இரண்டு முறை படித்தேன். ஐந்து மாட்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 கிலோ சாணம் என்று போட்டிருக்கிறீர்கள், அது சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த 50 கிலோவை எரிவாயுக்கு ஒரு முறை, மண்புழுவுக்கு ஒரு முறை, வயலுக்கு ஒரு முறை என்று மூன்று தடவை எழுதி மூன்றிலும் வருமானம் போட்டிருக்கிறீர்கள். வருஷத்துக்கு 18 டன் பச்சைச் சாணம். அது மட்கி முடிக்கும்போது பாதி எடைக்கும் கீழே வந்துவிடும். ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழுவுரம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, உங்கள் 3 ஏக்கருக்கு 15 டன் வேண்டும். அதாவது ஆட்டுப் புழுக்கையையும் சேர்த்தாலும் உங்கள் வயலுக்கே போதாது. விற்பதற்கு உபரி என்று ஒன்று உங்களிடம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தெளியும்.

இன்னொன்று, உங்கள் கணக்கில் மாட்டு மூத்திரம் எங்கேயுமே வரவில்லை. மாடு கழிக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறக்குறைய பாதி, சாம்பல் சத்தில் (பொட்டாஷ்) பெரும்பகுதி, மூத்திரத்தில்தான் போகிறது. உங்கள் கொட்டகை மண் தரை என்கிறீர்கள், அப்படியானால் அவ்வளவும் தினமும் தரைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 25 கிலோ சாம்பல் சத்து இருக்கும். உங்கள் 3 ஏக்கர் சம்பா வைக்கோலை 6 டன் என்று வைத்தால் 150 கிலோ, கடையில் வாங்கும் பொட்டாஷில் 5 மூட்டை. வைக்கோலை மாடு தின்றால் அந்தப் பொட்டாஷ் மூத்திரமாக வெளியே வருகிறது, நீங்கள் பிடித்து வயலுக்கு அனுப்பினால் சுற்று முடியும். இப்போது அந்தச் சுற்று உங்கள் கொட்டகைத் தரையில் அறுந்துபோகிறது. 2 லட்சம் ரூபாய் யூனிட்டுக்கு முன்னால் செய்யவேண்டியது இந்தத் தரையைச் சரிசெய்வது.

ஒரு பக்கம் சரிவு வைத்துச் செங்கல் பாவி, ஓரத்தில் சின்ன வாய்க்கால் விட்டு, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைப் புதைத்தால் போதும். சேர்வதை அன்றன்றைக்கே குப்பையில் ஊற்றிவிடுங்கள், டிரம்மில் நாள்கணக்கில் கிடந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். இதற்கும் இப்போது பணமில்லை என்றால், மாடு கழித்துப்போட்ட வைக்கோலைச் சாயங்காலம் தரையில் பரப்பி, நனைந்ததைக் காலையில் அள்ளிக் குப்பையில் போடுங்கள். காய்ந்த படுக்கை இருந்தால் மடிநோயும் குறையும்.

தையில் கொடுத்து ஐப்பசியில் வாங்குவது

கடிதத்திலேயே மனது கஷ்டப்பட்டது இந்த இடத்தில்தான். தை மாதம் பேலர்காரர் கட்டிக்கொண்டு போகிறார், அவர் தரும் காசு உழவுக் கூலிக்குக்கூடக் காணவில்லை. ஐப்பசி மழையில் தீவனம் இல்லாமல் அதே வைக்கோலை ஒரு கட்டுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்குகிறீர்கள். மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ என்றாலும் ஐந்து மாட்டுக்கு வருஷத்துக்கு 9 டன் வேண்டும். உங்களிடம் இருப்பதே 6 டன். ஒரு கட்டைக்கூட வெளியே விடாதீர்கள். பேலர்காரருக்குக் கட்டும் கூலியைக் கொடுத்துவிட்டுக் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

மிஷின் அறுத்த வைக்கோலை மாடு தின்னாது என்று மாமியார் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நசுங்கி, சேறு பட்டு, பனியில் நாலு நாள் கிடந்த வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும். அறுத்த ஓரிரு நாளில் காயவைத்து எடுத்தால் தின்னும். உங்களுக்கு உளுந்து வேறு இருக்கிறது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே தெளித்துவிடுகிறீர்கள், தாமதமாகப் பேலர் டிராக்டரை இறக்கினால் முளைத்தது நசுங்கும், வைக்கோலை அப்படியே விட்டாலும் வரிசைக்கு அடியில் இருக்கும் உளுந்து வெளுத்துப் போகும். அறுத்த உடனே எடுக்க முடியாது என்றால் ஆள் வைத்து வரப்புக்கு இழுத்துப் போட்டுவிடுங்கள். கூலி போகும்தான், உளுந்து தப்பும்.

கொழுந்தனாரிடம் மரியாதையாகவே ஒன்று சொல்லுங்கள். சாம்பலில் பொட்டாஷ் பெரும்பாலும் தங்கும், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் தழைச்சத்து ஏறக்குறைய முழுக்கப் புகையாகப் போய்விடும், மண்ணுக்கு மட்காக மாறவேண்டியதும் போய்விடும், அந்தச் சாம்பலும் காற்றில் கொஞ்சம் பறந்துவிடும். கொளுத்துவதில் மிச்சமாவது நேரம் மட்டும்தான். கொளுத்தாமல் பச்சை வைக்கோலை மடக்கி உழுதுவிட்டு உடனே நடவு செய்வதும் தப்பு: மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளடித்து நிற்கும். உழுது நீர் வைத்து மூன்று வாரமாவது விட வேண்டும்.

வைக்கோல் போர் போடும்போது ஒரு எச்சரிக்கை. ஈரத்தோடு அடுக்கி உள்ளே பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற மாடுகளுக்குக் காது நுனி, வால் நுனி, குளம்புப் பக்கம் தோல் கறுத்து அழுகும் நோய் வரும். கறுத்த கட்டைப் பாவம் பார்க்காமல் குப்பைக்கு அனுப்புங்கள். பேலர் கயிற்றை அவிழ்த்து எண்ணி எடுத்துவிடுங்கள், அது வயிற்றில் சிக்கினால் அறுவைச் சிகிச்சை வரை போகும். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் தாது உப்புக் கலவையை நிறுத்தவே கூடாது.

யூரியா விஷமா?

நேரடியாகக் கொடுத்தால் விஷம். யூரியாத் தண்ணீரை மாடு குடித்தாலோ, தெளித்த கையோடு வைக்கோலைத் தின்றாலோ வயிறு உப்பி, நுரை தள்ளி, நடுங்கி விழுந்துவிடும். "மேலே கொஞ்சம் தூவிக் கொடுங்கள்" என்று உங்களுக்குச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். முறையாகச் செய்வது வேறு: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காக வைக்கோலைப் பரப்பி எல்லா இடத்திலும் படும்படி தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் விட வேண்டும். அதற்குள் யூரியா அம்மோனியாவாக மாறி வைக்கோலை இளக்கிவிடும். 3, 4 சதவீதம் இருந்த புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எடுத்ததைச் சில மணி நேரம் காற்றில் ஆறவிட்டு, சாதா வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள கன்றுக்குக் கூடாது. முதல் முறை தனியாகச் செய்யாமல் உங்கள் மருத்துவரையோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியையோ கேட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அளவு பிசகினால் மாட்டின் உயிர் சம்பந்தப்பட்டது.

சாண எரிவாயு: கட்டலாம், ஆனால் எந்த மாதிரி?

மாமியாரின் தயக்கம், சாணத்தில் இருக்கும் சத்தெல்லாம் கேஸாகப் போய்விட்டால் வயலுக்கு என்ன மிஞ்சும் என்பது. அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். எரிவதெல்லாம் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த மீத்தேன். தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் மூன்று சத்தும் வெளியே வரும் கழிவுக் குழம்பில் அப்படியே இருக்கும். இந்த ஒரு வழியில்தான் ஒரே சாணத்தை இரண்டு முறை பயன்படுத்த முடியும், முதலில் அடுப்புக்கு, அப்புறம் வயலுக்கு.

25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் வாயு என்பது கணக்கு. உங்கள் 50 கிலோவுக்கு 2 கன மீட்டர் கலன் பொருந்தும், ஐந்து பேர் சமையலுக்கு அது ஏறக்குறையப் போதும். ஒரு கன மீட்டர் வாயு 0.43 கிலோ சமையல் கேஸுக்குச் சமம் என்பார்கள். மழைக்காலத்தில் உற்பத்தி குறையும், அதனால் சிலிண்டர் இணைப்பை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் விசாரித்திருப்பது பூமிக்குள் புதைக்கும் செங்கல் குவிமாட மாதிரி. மேட்டுப்பாங்கான ஊர்களுக்கு அது நல்லது. நம் டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் நாலடி தோண்டினால் தண்ணீர் நிற்கிற இடங்களில் அது வெடிப்பு விடும், காலியாக இருக்கும் நேரத்தில் மேலே தூக்கவும் செய்யும். தரைக்கு மேலே வைக்கும் பைபர் கலனோ, மேடு கட்டி அதன்மேல் வைக்கும் மிதக்கும் டிரம் மாதிரியோ கேளுங்கள். மானியம் உண்டு, ஆனால் ஒப்புதல் கையில் வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். கட்டி முடித்துவிட்டு விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் நிறைய. நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே முதலில் பேசுங்கள்.

கொட்டகையை பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழுவும் தண்ணீர் கலனுக்குள் போகக்கூடாது, உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தையும் சில நாள் தனியே போடுங்கள். அடைப்பு எடுக்கிறேன் என்று யாரும், எந்தக் காரணத்துக்காகவும், கலனுக்குள் இறங்கக்கூடாது. உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது, ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன சம்பவங்கள் நம் மாநிலத்திலேயே உண்டு.

மண்புழுவும் 2 லட்சமும்

வேண்டாம். நகையை வைக்காதீர்கள்.

மண்புழு உரத்தில் குறையில்லை, நல்ல உரம். குறை அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதலில் பணம், திரும்ப வாங்கிக்கொள்வதாக வாய்மொழி உத்தரவாதம், கிலோவுக்குச் சந்தையை மீறிய விலை, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எழுந்துவிட வேண்டும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் நடந்தது இதே வகைதான். கோழியைக் கொடுத்து வளர்ப்புக் கூலியும் கொடுத்தார்கள், ஒரு நாள் பணம் நின்றது, தீவனம் இல்லாமல் பட்டினி கிடந்த பறவைகளைக் கடைசியில் கால்நடைத் துறை பார்க்கவேண்டி வந்தது. உர வியாபாரமும் நினைத்தபடி மூட்டையில் போட்டு விற்கக் கூடியதில்லை, 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணையில் மண்புழு உரத்துக்கும் தரம் வரையறுத்திருக்கிறார்கள். அவர் யாருக்கு விற்கிறார், எந்த அனுமதியில் விற்கிறார், உங்கள் பணத்துக்கு என்ன பிடிமானம் என்று கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதையும் வாட்ஸப் பேச்சையும் அழிக்காமல் வைத்து ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

புழு வளர்க்க ஆசை இருந்தால், தென்னை நிழலில் 10 அடிக்கு 3 அடி ஒரே ஒரு படுக்கை போடுங்கள். ஓரிரு கிலோ புழு பக்கத்து விவசாயியிடமே கிடைக்கும். பச்சைச் சாணத்தின் சூட்டில் புழு செத்துவிடும், இரண்டு மூன்று வாரம் ஆறிய சாணமோ கலனிலிருந்து வந்து வடிந்த குழம்போ நனைந்த வைக்கோலோடு கலந்துதான் போட வேண்டும். எறும்பும் எலியும் கோழியும் எதிரி. இரண்டு மாதத்தில் வருவதை நாற்றங்காலுக்கும் தென்னைக்கும் போடுங்கள், வளர்ச்சியைப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கையைப் பற்றி யோசிக்கலாம். குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணத்தை மட்டும் இரண்டு மூன்று வாரம் அதில் சேர்க்க வேண்டாம், சாணத்தில் வாழும் பூச்சிகளை அந்த மருந்து கொல்லும்.

குப்பைமேடும் பக்கத்து வீடும்

"எங்கள் பட்டா இடம், யார் கேட்க முடியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க முடியும். பொதுத் தொல்லை என்று மனுக் கொடுத்தால் கோட்டாட்சியர் விசாரித்து அகற்றச் சொல்லலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவர் வீட்டு அடிபம்புக்கு 15 அடியில் உங்கள் குப்பை கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி மழையில் அந்தச் சாறு நிலத்தடி நீரில் கலந்து அவர்கள் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்குப் போகும். அவர் குறை நியாயமானது. நேரில் போய், அறுப்பு முடிந்ததும் மாற்றிவிடுகிறோம் அண்ணே என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கன்றை மூடிய பகுதியைத் தொடாமல் மற்றதை மாற்றும்போது கொல்லையின் மேட்டுப் பக்கம், எந்தப் பம்புக்கும் 50 அடிக்கு அப்பால். நம் பக்கம் குழி வெட்டினால் மழையில் குளமாகும், அதனால் தரைக்கு மேலேயே மூன்று நாலு அடி உயரத்துக்குக் குவித்து, மேலே கீற்றுக் கொட்டகை போட்டுவிடுங்கள். வெயிலும் மழையும் படாத குப்பைக்கும் திறந்து கிடக்கும் குப்பைக்கும் சத்தில் பெரிய வித்தியாசம். ஆட்டுப் புழுக்கை, நனைந்த வைக்கோல், மூத்திரம், எல்லாம் அதில் சேரட்டும். அடுப்புச் சாம்பலை மட்டும் கொட்டாதீர்கள், அது மூத்திரத்தோடு சேர்ந்தால் தழைச்சத்தை அம்மோனியாவாகத் துரத்திவிடும். தென்னைக்குத் தனியாகப் போடுங்கள். மாதம் ஒரு முறை கிளறும்போது சுருண்ட பருமனான வெள்ளைப் புழு தென்பட்டால் அது உங்கள் தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு. பொறுக்கி அழியுங்கள், மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூசணத்தை வேளாண் நிலையத்தில் வாங்கிக் குப்பையில் கலந்துவிடுங்கள்.

காளான் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சிப்பிக்காளான் உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்குத் தாங்காது, கார்த்திகை முதல் மாசி வரை பத்துப் பை போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் இப்போது வேண்டாம், மாட்டுக்கே வைக்கோல் போதவில்லை.

செலவு வரிசை என் மனதில் இப்படி இருக்கிறது: இந்த வாரம் இரத்தப் பரிசோதனை, தை அறுப்பில் வைக்கோலை வீட்டுக்குக் கொண்டுவருவது, மாசியில் கொட்டகைத் தரையும் குப்பை மாற்றமும், மானியம் ஒப்புதலாகி வந்தால் கோடையில் கலன். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அந்த மாட்டை என்ன செய்வது என்பதை அப்போது பேசுவோம்.